மணியத்தார் விளக்குத் தேர்ந்த வரலாறு

ஆராய்ந்து தெளிதல் பெரும் பேறு. கண்டதை உடனே கொள்ளாமல், கேட்டதை உடனே நம்பாமல், ஒரு பொருளின் நிறையையும் குறையையும் தூக்கிப் பார்த்த பின்னரே கை நீட்டுகின்ற மனம் எல்லார்க்கும் வாய்ப்பதில்லை. வாய்த்தவர் ஏமாறுவதில்லை. அவர் வீட்டார் மட்டும் சற்றுக் காத்திருக்க நேரும்.

அப்பேறு குறைவற வாய்த்தவர், ஹவுன்ஸ்லோவில் வாழும் மணியம் அவர்கள். யாழ்ப்பாணத்தார். அகதியாய் வந்திறங்கிய அதே ஹீத்ரோ விமான நிலையத்தில் பின்னாளில் வேலை பெற்று, பயணிகளின் பைகள் திரையில் செம்மஞ்சளும் பச்சையும் நீலமுமாய் ஊர்ந்து செல்வதை முப்பது ஆண்டுகள் இமைக்காது நோக்கியவர். பிறர் பைக்குள் இருக்கும் நகவெட்டியை அதன் நிழல் கொண்டே அறிவார். இரண்டாண்டுக்கு முன், அறுபத்தாறாம் வயதில், அவருக்கு ஓய்வு கிடைத்தது. அவருடைய ஆராய்ச்சிக்குக் கிடைக்கவில்லை. அது விமான நிலையத்தை விட்டு வீட்டுக்குள் குடிபுகுந்தது.

சோறு ஆக்கும் மின்பானை ஒன்றைத் தெரிவு செய்ய அவருக்குப் பதினான்கு மாதங்கள் ஆயின. அப்பதினான்கு மாதமும் அவர் மனைவி செல்வமலர் அடுப்பில் பானை வைத்துச் சோறாக்கினார். ஒருநாளும் சோறு தவறாததைக் கண்டு, அவசரப்படாமை எவ்வளவு நன்று என்று மணியத்தார் மகிழ்ந்தார்.

வாங்கிய பொருளைப் பேணுவதிலும் அவருக்கு நிகர் அவரே. தொலைக்காட்சியின் ரிமோட் பொலித்தீன் உறைக்குள் இருக்கும். மெத்தை நாற்காலியின் மேலுறைக்கு ஒரு மேலுறை உண்டு. மைக்ரோவேவ் அடுப்பின் முகத்தில் தொழிற்சாலையார் ஒட்டி அனுப்பிய மெல்லிய படலம் பதினோராண்டாகியும் உரிக்கப்படவில்லை. ஓரங்கள் சுருண்டு, நடுவில் எண்ணெய்ப் புகை படிந்து, உள்ளிருக்கும் எண்கள் மறைந்தே போயின. அவ்வீட்டார் அவ்வெண்களை நினைவினாலே அழுத்துவர். உரித்துவிட்டால் பொருள் பழசாகிவிடும் என்பது அவர் கொள்கை. புதிதாக வாங்குவனவற்றுக்கு இன்னொரு காரணமும் இருந்தது. முப்பது நாளுக்குள் திருப்பிக் கொடுக்கலாம் என்று கடைக்காரர் சொன்னால், அம்முப்பது நாளும் அப்பொருள் இன்னும் தம்முடையதன்று என்றே அவர் எண்ணுவார்.

கார்த்திகை மாதத்தில் அவர்கள் மகள் கஜந்தினிக்குத் திருமணம் நிச்சயமாயிற்று. முகூர்த்தம் தை மாதக் கடைசியில். மணமகன் வீட்டார் நோர்பரியில் இருப்பவர்கள். மாப்பிள்ளை வீட்டார் கொடுக்கும் கூறைச்சேலையை உடுத்த பின்னரே பெண் தாலிக்குக் கழுத்து நீட்டுவது வழக்கம். அக்கூறையோடு சேர்த்து நெய்யப்பட்ட இரவிக்கைத் துணி முன்கூட்டியே வந்து சேர்ந்தது. அரக்கு நிறம், கரையில் பொன். ஒரே துண்டு. பிழைத்தால் மாற்றுத் துணி கிடையாது. அந்தத் தறியில் அந்தப் பாவும் முடிந்துவிட்டது.

"மணி வேலையை நானே செய்யிறன்" என்று செல்வமலர் சம்பந்தியம்மாளுக்குத் தொலைபேசியில் வாக்குக் கொடுத்தார். இரண்டு கைகளிலும் மாங்காய் வடிவம். ஒரு கைக்குத் தொள்ளாயிரம் பொன்மணி. பூக்களின் நடுவில் மட்டும் சில வெள்ளிமணி. சம்பந்தியம்மாள் ராஜி, மண்டபத்தின் கடைசி வரிசையில் இருந்துகொண்டே மணமேடையில் வாடிய பூவைக் காணும் கண்ணுடையவர். அப்படிக் கண்டதைத் தம்மோடு வைத்துக்கொள்ளும் வழக்கம் அவருக்கு இல்லை.

செல்வமலர் பாடசாலைச் சமையலறையில் வேலை செய்பவர். மூன்று மணிக்கு வேலை முடிந்து, பஸ் பிடித்து வீடு வந்து, துணியைச் சட்டத்தில் இழுத்துக் கட்டி உட்காரும்போது மார்கழி வானம் கடையைச் சாத்திவிடும். வீட்டு விளக்கு தலைக்குப் பின்னால். அவர் நிழலே துணிமேல் விழும். கைத்தொலைபேசியின் வெளிச்சத்தைத் தாடையில் இடுக்கிப் பார்த்தார். கழுத்து வலித்தது.

"இஞ்சருங்கோ, ஒரு கையில ஊசி, மற்றக் கையில துணி. லைற் பிடிக்க எனக்கு மூண்டாங் கை இல்லை. பிடிக்காமலே எரியிற லைற் ஒண்டு வாங்கித் தாருங்கோ."

"பொறும் செல்வம். கண்டதையும் வாங்கேலாது. நான் பாக்கிறன்."

இச்செய்தி கஜந்தினிக்கு எட்டியது.

"அப்பா 'பாக்கிறன்' எண்டு சொன்னவரா? அம்மா, யூ ஆர் ஃபினிஷ்ட். நான் ஜீன்ஸோடதான் தாலிக்குக் கழுத்து நீட்டோணும்."

மணியத்தார் ஒரு கொப்பியை எடுத்துக் கோடு கிழித்தார். ஒளியின் அளவு, எடை, மின்கலம் நிற்கும் நேரம், நிழல் விழும் திசை எனப் பதினொரு தலைப்புகள். பன்னிரண்டாவது தலைப்பே தலையாயது: நிறத்தை உள்ளது உள்ளபடி காட்டும் தன்மை. அதற்கு நூற்றுக்கு இத்தனை என்று மதிப்பெண் உண்டென அவர் கண்டறிந்தார். தொண்ணூறுக்குக் கீழே பெற்ற விளக்குகளை, சோதனையில் தோற்ற மாணாக்கரைப் போல் வாசலிலேயே நிறுத்தினார்.

முதலில் வந்தது நெற்றியில் கட்டும் விளக்கு. அதைக் கட்டிக்கொண்டு மூன்று நாள் வீட்டுக்குள் உலவினார். எவரோடு பேசினாலும் எதிரில் நின்றவர் கண் கூசிற்று. கதவைத் தட்டிய தபால்காரர், திறந்ததும் இரண்டடி பின்வாங்கினார். செல்வமலர் கட்டியபோது அதன் பட்டி கொண்டையை இறக்கிப் பொட்டை அழித்தது. திருப்பி அனுப்பப்பட்டது. அடுத்து மூக்குக்கண்ணாடியில் மாட்டும் விளக்கு வந்தது. பாரத்தால் கண்ணாடி மூக்கின் நுனிக்கு வழுக்கியது. அதுவும் போயிற்று. மேசையில் கவ்வி நின்று கழுத்தை வளைக்கும் விளக்கு, செல்வமலர் சட்டத்தைத் திருப்பும்தோறும் வேறெங்கோ பார்த்துக்கொண்டிருந்தது.

பொதிகள் வருவதும் போவதும் தெருமுனையில் உள்ள சுஜீத்தின் கடை வழியாக. சுஜீத் தேங்காயும் மரவள்ளிக்கிழங்கும் விற்பவன், பொதிகளையும் பொறுப்பேற்பவன்.

"என்ன அண்ணை, இது எட்டாவது. ஹீத்ரோவிலகூட இவ்வளவு ஏத்தி இறக்கேல்லைப் போல."

"தம்பி, இது சாமான் இல்லை. ஆராய்ச்சி."

"ஆராய்ச்சி முடியிறதுக்குள்ள அக்காவின்ரை கண் முடிஞ்சிடும், பாருங்கோ."

அவன் சொன்னதில் பிழை இல்லை. ஆராய்ச்சி நடந்த ஆறு வாரமும் செல்வமலர் சனி ஞாயிறுகளில் மட்டும், யன்னலருகே, வெளியே முகில் விலகும் வேளை பார்த்துக் கோத்தார். அவர் வழக்கம், மூன்று மணி கோத்தால் ஒரு முடிச்சு. எங்கேனும் நூல் அறுந்தாலும் மூன்றே உதிரும். தை பிறந்தபோது இடக்கை முடிந்திருந்தது. வலக்கை தொடங்கவே இல்லை. திருமணத்துக்கு மூன்று வாரம். யன்னலை நம்பினால் மாசி நடுவில்தான் முடியும்.

அந்த வாரம் மணியத்தார் தெளிந்தார். தேர்ந்தது கழுத்தில் அணியும் விளக்கு. குதிரை லாடம்போல் வளைந்து தோளில் அமரும். இருபுறமும் வளையும் கரங்கள், முனைதோறும் ஒரு சிறு விளக்கு. நிழலில்லை. கொண்டைக்கும் பொட்டுக்கும் இடரில்லை. நிறத்தை உள்ளபடி காட்டுவதில் நூற்றுக்குத் தொண்ணூற்றேழு. மணியத்தார் அதைப் பெட்டியிலிருந்து எடுத்த விதம், கருவறைத் திரை விலகும் கணத்தை ஒத்திருந்தது.

இரு விளக்கு முனைகளிலும் நீல நிறத்தில் மெல்லிய படலம் ஒட்டியிருந்தது. செல்வமலர் நகத்தால் ஓரத்தைத் தொட்டார்.

"கை வையாதையும்!" என்றார் மணியத்தார். "அதைக் கழட்டினால் திருப்பிக் குடுக்கேலாது. முப்பது நாள் கிடக்கு. கலியாணம் முடியட்டும். லைற் நல்லதோ கூடாதோ எண்டு அதுக்குள்ள தெரியும்."

"வெளிச்சம் நீலமாக் கிடக்கே."

"பகல் வெளிச்சம் நீலந்தான், செல்வம். கொப்பியில எழுதி வைச்சிருக்கிறன். வானத்தைப் பாரும்."

செல்வமலர் வானத்தைப் பார்த்தார். ஹவுன்ஸ்லோ வானம் சாம்பல் நிறத்தில் இருந்தது. அதில் ஒரு விமானம் சக்கரங்களை நீட்டிக்கொண்டு இறங்கியது. மேற்கொண்டு வாதிட அவருக்கு நேரமில்லை. தொள்ளாயிரம் மணி காத்திருந்தன.

விளக்கு நன்றாகவே உழைத்தது. ஊசியின் காது தெரிந்தது. நூலின் நுனி தெரிந்தது. பத்து மாலைகளில் வலக்கை நிறைந்தது. பகலில் தூசு படாதிருக்க மணியத்தார் சட்டத்துக்கு ஓர் உறை போட்டு வைத்தார். முதல் நாளே கிண்ணத்தில் பொன்மணி தீர, செல்வமலர் பெட்டியைத் திறந்து அடுத்த பொட்டலத்தைப் பிரித்துக் கொட்டி நிரப்பிக்கொண்டார். மணியத்தார் எதிரே அமர்ந்து, ஒவ்வொரு மாலையும் மின்கலம் எத்தனை நிமிடம் நின்றது என்று கொப்பியில் குறித்தார்.

திருமணத்துக்கு எட்டு நாள் முன்னதாக ஒரு சனிக்கிழமை. காலையில் வெயில் அடித்தது. தை மாதத்து லண்டனில் வெயில் அடித்தால் அது அறிவித்துவிட்டு வந்த விருந்தாளி அன்று. செல்வமலர் துணியைச் சட்டத்திலிருந்து அவிழ்த்து, கண்குளிரப் பார்ப்பதற்காக யன்னலுக்குக் கொண்டு போனார்.

இரண்டு கைகளையும் வெயிலில் திருப்பித் திருப்பிப் பார்த்தார். பிறகு, "என்னப்பா, இஞ்ச வாங்கோ" என்றார். குரல் உயரவில்லை. அதனாலேயே மணியத்தார் எழுந்து ஓடினார்.

இடக்கையில் மாங்காய்கள் பொன்னாய்ப் பழுத்திருந்தன. வலக்கையில் அவை வெள்ளியாய் வெளுத்திருந்தன. மடிப்பின் ஓரத்தில் முதல் நாள் கோத்த ஒரு பிடி மணி மட்டும் பொன். மற்றவை அத்தனையும் பூவின் நடுவுக்கென ஆயிரம் மணிப் பொட்டலமாய் வாங்கி வைத்த வெள்ளிமணி.

"ரெண்டாவது பொட்டலம்" என்றார் செல்வமலர். "அந்த லைற்றுக்குள்ள எனக்கு ரெண்டும் ஒண்டாத்தான் தெரிஞ்சது." சொல்லிவிட்டுத் துணியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தார். "ராஜியக்காவுக்கு நான் வாக்குக் குடுத்திட்டன். இனி என்ன செய்யிறது?"

மணியத்தார்க்கு மனைவியின் கண்ணீரினும் விளக்கின் மானம் முன்னால் வந்து நின்றது. தொண்ணூற்றேழு பெற்ற விளக்கு நிறத்தைப் பொய் சொல்லுமா? அவர் விளக்கையும் துணியையும் எடுத்துக்கொண்டு அடுத்த வீட்டுக்குச் சென்றார்.

அங்கே இருப்பவர் வான்மதி. மலேசியாவின் ஈப்போவிலிருந்து படிக்க வந்து, பல் வைத்தியராகி, இங்கேயே நின்றுவிட்டவர். நாள்தோறும் நெற்றியில் விளக்குக் கட்டிக்கொண்டு பிறர் வாய்க்குள் நோக்குபவர்.

"பிள்ளை, நீங்கள் இந்தத் துறையில ஆள். இந்த லைற்றில ஏதும் பிழை கிடக்கோ எண்டு ஒருக்காச் சொல்லுங்கோ. நூற்றுக்குத் தொண்ணூற்றேழு."

வான்மதி விளக்கை வாங்கி ஏற்றினார். ஒருமுறை பார்த்தார். பிறகு மணியத்தாரைப் பார்த்தார்.

"அங்கிள், இந்த ஷீட்ட இன்னும் உரிக்கலையா?"

"அது திருப்பிக் குடுக்கிறதுக்கு..."

அவர் முடிப்பதற்குள் 'சர்' என்ற ஓசை கேட்டது. இரண்டாவது முனையிலும் அவ்வோசை எழுந்தது. முப்பது ஆண்டுகளில் எந்தப் பயணியும் மணியத்தார் கண்முன்னே இத்துணைத் துணிவோடு விதியை மீறியதில்லை.

"இப்ப பாருங்க."

வெளிச்சம் துணிமேல் விழுந்தது. பொன் பொன்னாயிற்று; வெள்ளி வெள்ளியாயிற்று. வான்மதி உரித்த படலத்தை விரல்நுனியில் ஒட்டியபடி நீட்டினார்.

"நான் இந்த ஷீட்டோட பல்லுக்கு நிறம் பாத்து வச்சா, பேஷன்ட் நீலப் பல்லோட சிரிப்பாங்க, அங்கிள். தொண்ணூத்தேழு விளக்குக்குத்தான் லா. மேல ஒட்டின கவருக்கு இல்ல."

மணியத்தார் அப்படலத்தை வாங்கிச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டார். மீண்டும் ஒட்ட இயலுமா என்று வாசலில் நின்று ஒருமுறை முயன்றார் என்பதையும் மறைத்தல் தகாது. ஒட்டவில்லை. முப்பது நாளில் பதினேழு நாள் மிச்சமிருக்க, அவ்விளக்கு அந்த நிமிடமே அவருக்கு உரியதாயிற்று.

வீட்டுக்குத் திரும்பினார். செல்வமலர் அதே இடத்தில் இருந்தார்.

"லைற்றில பிழை இல்லை" என்றார் மணியத்தார். சட்டைப் பையிலிருந்து படலத்தை எடுத்துக் காட்டி, "பிழை என்னில" என்றார்.

முப்பத்தைந்து ஆண்டு இல்வாழ்க்கையில் செல்வமலர் அச்சொல்லைக் கேட்டது அதுவே முதன்முறை. அவர் வலக்கையின் முடிச்சுகளை விரலால் எண்ணிப் பார்த்தார்.

"வெட்டிப் பிரிக்கிறதே மூண்டு நாள் வேலை" என்றார் கடைசியில். "மூண்டு மணிக்கு ஒரு முடிச்சு. பட்டில ஒரு இழை இழுபட்டாலும் துணி போச்சு. நான் வேலைக்கும் போகோணும். பிரிக்கிறதோ, கோக்கிறதோ?"

"நீர் கோத்துக்கொண்டு வாரும். நான் பிரிக்கிறன்."

"நீங்களோ? ஒரு சாமான் எடுக்கப் பதினாலு மாதம் பாக்கிற ஆள்."

"அதுதான் சொல்லுறன்."

அவர் விளக்கைத் தம் கழுத்தில் மாட்டினார். சிறு கத்தரிக்கோலை எடுத்தார். முதல் முடிச்சை வெட்டும் முன் அதனை நான்கு திசையிலிருந்தும் நோக்கினார், நூல் எங்கே புகுந்து எங்கே வெளிவருகிறது என்று தேர்ந்தார், பிறகே வெட்டினார். பயணப் பையின் நிழலுக்குள் நகவெட்டியைத் தேடிய கண் அரக்குப் பட்டுக்குள் முடிச்சைத் தேடிற்று. அவசரக்காரர் எவரிடத்திலும் அத்துணியைக் கொடுத்திருக்க இயலாது. பதினான்கு மாதம் பொறுத்தவரிடம் கொடுக்கலாம். அவ்வீட்டில் நெடுங்காலம் வேலையின்றி வருத்தம் மட்டுமே விளைத்த அக்குணத்துக்குத் தகுந்த வேலை அன்றுதான் கிடைத்தது.

சனியும் ஞாயிறும், யன்னலில் ஒளி நின்ற பொழுதெல்லாம் அவர் ஒரு முனையில் பிரிக்கப் பிரிக்க, அவர் விட்டுச் சென்ற இடத்தில் செல்வமலர் பொன்மணி கோத்துவந்தார். திங்கள் முதல் பகலெல்லாம் மணியத்தார் முறை. மூன்றரை மணிக்குச் செல்வமலர் வேலை முடிந்து வருவார். மணியத்தார் எழுந்து, தம் கழுத்திலிருந்து விளக்கைக் கழற்றி, எரிந்தபடியே அவர் கழுத்தில் இடுவார். தேநீரும் வைத்துக் கொடுப்பார். மறுநாள் காலையில் செல்வமலர் வேலைக்குப் புறப்படும்போது அதே விளக்கைக் கணவர் கழுத்தில் இட்டுவிட்டுப் போவார்.

செவ்வாயன்று அலுவலகத்திலிருந்து வேளையோடு வந்த கஜந்தினி வாசலில் நின்று இதைக் கண்டாள்.

"ஹலோ! மாலை மாத்துறது என்ர கலியாணத்துக்கு. நீங்கள் ரெண்டு பேரும் எனக்கு முதல் முடிச்சிட்டிங்கள் போல."

"போடி" என்றார் செல்வமலர். கழுத்து விளக்கில் அவர் முகம் சிவந்ததை எவரும் உள்ளபடியே காணலாம்.

புதன் நண்பகலில் கடைசி முடிச்சு அவிழ்ந்தது. பட்டில் ஓர் இழையும் இழுபடவில்லை. வெள்ளிமணிகள் அத்தனையும் ஒரு புட்டியில், ஒன்றும் உடையாமல் இருந்தன. வியாழன் மாலை வலக்கை பொன்னாயிற்று. வெள்ளியன்று செல்வமலர் இரவிக்கையைத் தைத்து முடித்தார்.

ஞாயிறன்று முகூர்த்தம். கூறை உடுத்து மணமேடைக்கு வந்த கஜந்தினியைச் சம்பந்தியம்மாள் ராஜி எதிர்கொண்டு, இரண்டு கைகளையும் பிடித்து முன்னே நீட்டச் செய்து, இடத்தையும் வலத்தையும் மாறி மாறிப் பார்த்தார். செல்வமலர் மூச்சுவிட மறந்தார். மணியத்தார் திரையில் ஐயத்துக்குரிய பை ஒன்று வந்தாற்போல் விறைத்து நின்றார்.

"ரெண்டு கையும் அச்சு அசல் ஒண்டாக் கிடக்கு" என்றார் ராஜி. "உண்மையைச் சொல்லுங்கோ, இது கை வேலை இல்லை, மெசின் வேலைதானே?"

செல்வமலர்க்கு மூச்சு வந்தது. அதனோடு சிரிப்பும் வந்தது.

"ஓம் அக்கா, பாதி மெசின்தான். அறுபத்தெட்டு வருஷத்து மெசின். உதிலை நிக்குது, பாருங்கோ."

ராஜிக்கு அது விளங்கவில்லை. மணியத்தார்க்கு விளங்கிற்று. அவர் சால்வையைச் சரிசெய்துகொண்டு மேடையின் தோரணத்தை ஆராயலானார்.

மறுநாட் காலை, கலியாண வீட்டுப் பலகாரத்தைச் சூடாக்க மைக்ரோவேவ் அருகே சென்றவர் அதன் முகத்தைச் சற்று நேரம் நோக்கி நின்றார். பிறகு ஓரத்தை நகத்தால் தூக்கினார். பதினோராண்டுப் படலம் ஒரே இழுப்பில் வந்தது. உள்ளே எண்கள் புதியனவாய் இருந்தன. ரிமோட்டின் உறையைக் கழற்றுவது பற்றி அவர் இன்னும் பார்த்துக்கொண்டிருக்கிறார்.

மூத்தபிள்ளையார் அருளால் அவ்வில்லம் வாழ்க. புதுமனை புகுந்த மகளும் மருமகனும் ஒருவர் நிறத்தை ஒருவர் உள்ளபடி கண்டு வாழ்க. செல்வமலரின் கண்ணொளி குன்றாதிருக்க. மணியத்தாரின் ஆராய்ச்சிக்கு ஏற்ற முடிச்சுகள் என்றும் கிடைத்துக்கொண்டிருக்க. அவ்வீட்டில் எரியும் விளக்கு ஒவ்வொன்றும் படலம் நீங்கி எரிக. கழுத்துக்குக் கழுத்து மாறி, அணையாமல் எரிக.